மூன்று வேளையும் ஐந்து வேளையும்

ஸ்ரீ:
வடக்கு உத்தர வீதி,
ஸ்ரீரங்கம்.
3-12-1965

பன்னிரண்டாம் நம்பர் கட்டில் மோதினார் நிஜாமுதீன் சாயபு அவர்களுக்கு, பதினோராம் நம்பர் கட்டில் சடகோபன் எழுதுவது. இவ்விடம் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தை இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் தனித்தனியாக எழுதவும்.

நேற்று டாக்டர் சவரிநாதன் நம் இருவரையும் ஒரே வேளையில் வீட்டுக்கு அனுப்பினார் அல்லவா, குதிரை வண்டியை விட்டு இறங்குவதற்குள் என் ஆத்துக்காரி கோமளம் சட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். படுக்கையில் மூன்று தலையணை. தலை தாழக் கூடாதாம். சாத்தமுதை, உங்கள் ரசத்தைத்தான், ஆறவைத்துப் பச்சைத் தண்ணீர் மாதிரி ஊற்றுகிறாள். சூடு பட்டால் ரத்தம் வருமாம். முப்பது வருஷமாக என் மடியில் இருந்த மூக்குப்பொடி டப்பியை எங்கே ஒளித்தாள் என்று பெருமாளுக்குத்தான் தெரியும். கேட்டால், "டாக்டர்கிட்ட போய்க் கேளுங்கோ" என்கிறாள்.

ஒரே நாளில் மூக்குத் தண்டை அறுத்து நேர்ப்படுத்திக்கொண்டு, மூக்கில் துணி அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோமே, அப்போது பேசிக்கொண்டது ஞாபகம் இருக்கட்டும். ஒருவர் மூக்கை மற்றவர் கண்காணிக்க வேண்டும். மார்கழி அமாவாசை கழிந்ததும் எனக்குக் கோயிலில் பகல் பத்து உற்சவம், உங்களுக்கு ரம்ஜான் பிறை. டாக்டர் சொன்ன நாலு வாரமும் அங்கேதான் முடிகிறது. நாலு வருஷமாகப் பாசுரம் சேவிக்கையில் பாதி அடியில் மூச்சு நின்று, கோயில் கோஷ்டியில் முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கு வந்துவிட்டேன். இந்த வருஷமும் இப்படியே என்றால் கோஷ்டியை விட்டே நின்றுகொள்வதாக அதன் பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். தொழுகைக்கு அழைக்கும் உங்கள் பாங்கும் மூக்கடைத்த குரலில் வருகிறது என்று ஜமாத்தில் பேச்சு இருப்பதாகச் சொன்னீர்கள்.

எனக்கு உங்களைப் பற்றித்தான் கவலை. தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது மூக்கில் தண்ணீர் உறிஞ்சிச் சிந்துவோம் என்றீர்களே. ஒரு வேளைக்கு மூன்று தரம் என்றால் ஐந்து வேளைக்குப் பதினைந்து தரம். ஒரு மாதத்துக்கு அதை மறந்துவிடுங்கள். சிந்தவே கூடாது.

அன்புள்ள,
சடகோபன்


786
பள்ளிவாசல் சந்து,
பாலக்கரை, திருச்சி.
4-12-1965

மரியாதைக்குரிய சாமிக்கு நிஜாமுதீன் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது.

கார்டு கிடைத்தது. வலது துவாரம் நலம், இடது துவாரம் அதைவிட நலம். நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு தூங்கினேன். நான் மௌத்தாகிவிட்டேனோ என்று பயந்து ரஷீதா எழுப்பிப் பார்த்தாள். குறட்டை இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம்.

தண்ணீர் விஷயத்தை ஆஸ்பத்திரியிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டேன் சாமி. அவர், "நல்ல வேளை கேட்டீங்க பாய், எனக்குத் தோணியிருக்காது" என்றார். பிறகு தொழுகை நடத்தும் எங்கள் ஹஜ்ரத்திடம் போனேன். "நோயாளிக்கு மார்க்கத்துல கஷ்டம் இல்லை. முகத்தைக் கழுவு, மூக்கை விட்டுடு. குனியாம உட்கார்ந்து சைகையால தொழு" என்றார். அப்படியே செய்கிறேன். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜமாத்தே நெற்றியைத் தரையில் வைக்கும்போது நான் மட்டும் பெஞ்சியில் நட்டமாக உட்கார்ந்திருப்பது பெரிய வெட்கமாக இருக்கிறது. முதல் நாள் அழுதுவிட்டேன்.

என் இடத்தில் மீரான் பாங்கு சொல்கிறார். முப்பது வயது, நல்ல குரல். எங்கள் சின்னப் பள்ளிக்கு மைக் இல்லை, தொண்டைதான் மைக். பிறைக்குள் நான் திரும்பாவிட்டால் மீரானையே நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். அவர் மேல் எனக்கு ஒன்றுமில்லை. பத்தொன்பது வருஷம் நான் ஏறிய படி அது, அவ்வளவுதான்.

தும்மல் வந்தால் வாயை அகலத் திறந்துகொண்டு தும்மச் சொன்னார்களே, ஆடு கத்துவது போல் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஜீனத் மிளகாய் வறுக்க அடுப்பு மூட்டினால் ரஷீதா சுவரைத் தட்டிச் சண்டைக்குப் போகிறாள். உங்கள் பொடி டப்பி கிடைத்தாலும் தொடாதீர்கள்.

துஆவுடன்,
நிஜாமுதீன்


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்.
6-12-1965

அன்புள்ள மோதினார் அவர்களுக்கு,

கடிதம் கண்டு கோமளத்துக்கும் படித்துக் காட்டினேன். குறட்டை சமாசாரத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். என்னைச் சிரிக்க விடவில்லை, மூக்கு குலுங்குமாம்.

உங்களுக்குப் பரீட்சை வைத்த நான் என் மார்க்கையும் சொல்ல வேண்டும். காவேரியில் முழுக்கு இல்லை, வெந்நீர் ஆறவைத்துச் சொம்பால் ஸ்நானம். சந்நிதியில் கீழே விழுந்து சேவிக்கவில்லை, நின்றபடியே கைகூப்பினேன். குடம் தூக்கவில்லை, பொடி போடவில்லை, சிந்தவில்லை. சந்தியாவந்தனம் மட்டும் மூன்று வேளையும் குறைவில்லாமல் நடக்கிறது. மூக்கில் துணி இருந்த நாட்களில் மானசீகமாகச் செய்தேன். வீடு வந்ததும் பழையபடி பிராணாயாமத்தோடு முறையாகத் தொடங்கிவிட்டேன். மூச்சு நன்றாக ஓட வேண்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே செய்கிறேன்.

நேற்று மாலையிலிருந்து இரண்டு பக்கமும் மறுபடி அடைத்தாற்போல் இருக்கிறது. நுனி மூக்கில் கை வைத்தால் விண்ணென்று தெறிக்கிறது. உடம்பும் லேசாகக் காய்கிறது. கார்த்திகைப் பனி, வேறொன்றுமில்லை. கோமளத்திடம் சொல்லவில்லை. சொன்னால் தலையணை ஐந்தாகிவிடும்.

சடகோபன்


786
பாலக்கரை.
7-12-1965, பகல்

சாமி அவர்களுக்கு,

தபாலை நம்பாமல் மீரான் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சந்திரம்மாள் சொன்னதை நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். அடைப்பு விட்ட மூக்கு மறுபடி இரண்டு பக்கமும் அடைத்தால், நுனியில் தெறித்து வலித்தால், ஜுரம் வந்தால், அது ஜலதோஷம் இல்லை. தண்டுக்கு உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். அது சீழ் பிடித்தால் மூக்கின் மேடு உட்கார்ந்துவிடும், ஜுரம் மூளைக்குப் போகும் என்றார். நீங்கள் அப்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். மூன்றையும் உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. துணி எடுத்த மறுநாள் சாயங்காலம் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் ஒரு துவாரத்தையும் மற்ற விரலால் இன்னொன்றையும் அழுத்திப் பிடித்தீர்கள். சந்திரம்மாள் வரவும் கையை எடுத்துவிட்டீர்கள். அதைத்தானே மூன்று வேளையும் கூடுதலாகச் செய்கிறீர்கள்? எங்கள் தண்ணீரை நான் டாக்டரிடம் கேட்டேன். உங்கள் விரலைப் பற்றி நீங்கள் கேட்டீர்களா?

நிஜாமுதீன்


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்.
7-12-1965, மாலை

சாயபு அவர்களுக்கு,

நீர் அனுப்பிய மனிதரை வாசலில் காக்கவைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஏழு வயதில் பூணூல் போட்ட நாளிலிருந்து இன்று வரை ஒரு சந்தி தவறியதில்லை. என் தகப்பனார் பரமபதித்த அன்றும் தவறவில்லை. அதை விடச் சொல்ல நீர் யார்? மூக்கைத் தொடாதே என்றால் அது மூக்கைச் சொறிவதற்கும் சிந்துவதற்கும். நான் மந்திரம் சொல்லும்போது விரல் படுவது மூக்கைத் தொடுவதாகாது. உங்கள் மார்க்கத்தில் சலுகை உண்டானால் அது உங்களோடு. எங்கள் அனுஷ்டானத்துக்குப் பாலக்கரையிலிருந்து தீர்ப்பு வர வேண்டிய அவசியமில்லை.

இரண்டு வேளை கஷாயம் குடித்தால் பனி இறங்கிவிடும். இனிமேல் மூக்கைப் பற்றி எழுத வேண்டாம்.

சடகோபன்


786
பாலக்கரை.
8-12-1965

சாமிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மனசு கஷ்டப்பட்டது. எட்டு நாள் ஒரே சொம்பில் தண்ணீர் குடித்த மாதிரி இருந்துவிட்டு, நீர் யார் என்று கேட்டுவிட்டீர்கள்.

நான் யாருமில்லைதான். என் பேச்சைக் கேட்டு நீங்கள் எதையும் விட வேண்டாம். நான் எங்கள் ஹஜ்ரத்திடம் போன மாதிரி நீங்கள் உங்கள் கோஷ்டிப் பெரியவரிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் அழுத்து என்றால் அழுத்துங்கள். ஆனால் கேட்பதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மீரான் சொன்னார், "அண்ணே, அவரு மூக்கு செவசெவன்னு பளபளத்துக்கிட்டு இருக்கு. கண்ணுக்குக் கீழேயும் வீங்கியிருக்கு" என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாளை வியாழக்கிழமை லுஹர் மதியத் தொழுகை முடித்துச் சத்திரம் ஸ்டாண்டில் பஸ் ஏறி வருகிறேன். பஸ் தூசி எனக்கும் ஆகாது என்று தெரியும், துண்டால் மூடிக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்குள் வரமாட்டேன். வீதி முனையில் நிற்பேன். நீங்கள் வரும் வரை நிற்பேன்.

நிஜாமுதீன்


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்.
17-12-1965

என் பிரியமுள்ள நிஜாமுதீன் பாய் அவர்களுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

அன்றைக்கு மழை. நீங்கள் முனையில் நிற்பதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். அதையும் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். முக்கால் மணி நேரம் கழித்துக் கோமளம் உள்ளே வந்து, "ஏன்னா, ஒருத்தர் கொட்டற மழைல துண்டால மூக்கைப் பொத்திண்டு நிக்கறார். நீங்க எழுந்துக்கலேன்னா நான் போய் அவரை ஆத்துக்குள்ள அழைச்சுண்டு வருவேன். அப்பறம் வீதில யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும்" என்றாள். அதற்குள் எனக்கு ஜுரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உங்களோடு வண்டியில் ஏறியது ஞாபகம் இருக்கிறது, காவேரிப் பாலம் ஞாபகம் இல்லை.

டாக்டர் அன்றே கீறி வடித்தார். பழைய ரத்தமும் அதோடு சீழும். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தண்டு கரைந்து மூக்கு உட்கார்ந்திருக்கும் என்றார். மூன்று வேளையும் விரலால் அழுத்தியதைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமா ஐயங்கார்களுக்கு ஆபரேஷன் பண்றேன், இதைச் சொல்லணும்னு தெரியாமப் போச்சே" என்றார். அவர் மேல் தப்பில்லை. கேட்காதது நான்.

கோஷ்டிப் பெரியவர் என்னைப் பார்க்க வார்டுக்கு வந்தார். அவரிடமும் கேட்டேன். "வியாதிக்காரனுக்கு மானசீகமே பூரணம். உம்மை யார் அழுத்தச் சொன்னா?" என்றார். யாரும் சொல்லவில்லை பாய். ஒரு வேளையும் தவறாதவன் என்ற என் கர்வம்தான் அழுத்தியது. உங்களைப் பார்த்து நீர் யார் என்று கேட்டதும் அதுதான்.

இனி எழுதப்போவதுதான் எனக்குப் பெரிய வேதனை. ஏன் நீங்கள் ஒரு நாள்கூட என்னைப் பார்க்க வரவில்லை என்று சந்திரம்மாளிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவள், "அவரு கீழ் வார்டுல மூணு நாள் கெடந்தாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் மயங்கிச் சரிந்த என்னை வண்டியிலிருந்து தூக்கி இறக்கினீர்களாம். வராந்தா தாண்டுவதற்குள் உங்கள் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிச் சட்டை நனைந்ததாம். மறுபடி துணி அடைத்து, ஐந்து வாரம் குரலை உயர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். ஐந்து வாரம் என்றால் பிறை போய்விடுகிறதே. உங்கள் இடமும் போய்விடுமே. என்னிடம் சொல்லாதே என்று சந்திரம்மாளிடம் சத்தியம் வேறு வாங்கினீர்களாமே.

குடத்தைத் தூக்காதே என்றால் குடத்தைத் தூக்காமல் இருந்தேன். நீங்கள் என்னைத் தூக்கியிருக்கிறீர்கள்.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

அடியேன்,
சடகோபன்


786
பாலக்கரை.
26-12-1965

சாமிக்கு ஸலாம்.

பதில் தாமதத்துக்குக் காரணம் மூக்கு அல்ல, மனசு. உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பிறை தெரிந்தது. மீரான் ஏறிப் பாங்கு சொன்னார். நான் ஒளு செய்யும் ஹவுளுத் தொட்டிப் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்து கேட்டேன். தொழுகைக்குப் பிறகு ஜமாத்தார் கூடி மீரானையே மோதினாராக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். எனக்குப் பள்ளியைப் பார்த்துக்கொள்கிற வேலை. விளக்கு, பாய், தண்ணீர். மரியாதையாகத்தான் சொன்னார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அன்றும் மறுநாளும் உங்கள் மேல் எனக்குப் பயங்கரக் கோபம். நான் சொன்ன அன்றே இந்த மனுஷன் வண்டி ஏறியிருந்தால் எனக்கு இந்தக் கதி வருமா என்று ரஷீதாவிடம் கத்தினேன். அவள், "கத்தாதீங்க, டாக்டர் குரலை ஒசத்தக் கூடாதுன்னாரு" என்றாள். கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் கேட்டாள், "அப்ப நீங்க அன்னைக்குப் போகாம இருந்திருப்பீங்களா?" யோசித்துப் பார்த்தேன். போகாமல் இருந்திருக்க மாட்டேன். அதனால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, போய்விடும்.

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராப்பத்துக்காவது போய் நில்லுங்கள். நானும் வீணாகி நீங்களும் வீணானால் அந்த டாக்டர் எதற்காகக் கத்தியைப் பிடித்தார்?

நிஜாமுதீன்


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்.
4-1-1966

பிரியமுள்ள பாய்க்கு,

மிச்சக் கோபம் நியாயமானது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

பகல் பத்து பத்து நாளும் வீட்டில்தான் இருந்தேன். வைகுண்ட ஏகாதசிக்குப் போகலாம், மெதுவாகச் சேவிக்கலாம், முண்டக் கூடாது என்று டாக்டர் உத்தரவு கொடுத்தார். கூட்டத்தில் யார் முழங்கையாவது மூக்கில் படப்போகிறது என்று கோமளத்தின் தமையன் எனக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடந்தான். பார்த்தவர்கள் என்னை ஏதோ பெரிய மனுஷன் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசி வரிசையில் நின்றேன். பாதி அடியில் நின்றுபோகும் அந்த இடம் வந்தது. நிற்கவில்லை. முழு அடியும் ஒரே மூச்சில் போயிற்று, அடுத்த அடியிலும் பாதி போயிற்று. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நாலு வருஷம் இதற்காகத்தான் ஏங்கினேன். ஆனால் சந்தோஷம் வரவில்லை பாய். உங்கள் பாங்கைப் பிடுங்கி நான் மூச்சு விடுகிறேன் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. முன்வரிசைக்கு வரச் சொன்னார் பெரியவர். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சந்தி மூன்று வேளையும் விரல் படாமல் நடக்கிறது. அந்த இடம் வரும்போது கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் பெஞ்சியில் உட்கார்ந்து வெட்கப்பட்டதாக எழுதினீர்களே, அது எனக்கு இப்போதுதான் புரிகிறது. உங்கள் ஜமாத்தாரிடம் நான் வந்து பேசலாமா? வேண்டாம் என்றால் வரமாட்டேன். உங்கள் கையால் ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

அடியேன்,
சடகோபன்


786
பாலக்கரை.
18-1-1966

என் சாமிக்கு, நிஜாமுதீன் ஆயிரம் ஸலாம் சொல்லி எழுதுவது.

ஜமாத்திடம் நீங்கள் வர வேண்டாம். கடிதம் வந்த அன்றே பதில் எழுதியிருப்பேன். டாக்டர் கெடு முடியட்டும், ஏதாவது நல்ல சமாசாரம் வைத்துக்கொண்டு எழுதுவோம் என்று தள்ளிப்போட்டேன். சனிக்கிழமை போய்க் காட்டினேன். விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ரோடு மாதிரி இருக்கு. இனி என்ன வேணும்னாலும் செய்ங்க பாய்" என்றார். நேராகப் பள்ளிக்கு வந்து மூக்கில் தண்ணீர் விட்டு ஒளு செய்தேன். நெற்றியைத் தரையில் வைத்தேன். எழுந்திருக்க மனசே வரவில்லை.

நேற்று லுஹருக்கு நேரமாகிவிட்டது, மீரான் படியடியில் நின்றுகொண்டே இருந்தார். என்ன என்று கேட்டேன். "அண்ணே, நோன்பு வச்சுத் தொண்டை கட்டிக்கிச்சு. இன்னைக்கு நீங்க ஏறுங்க" என்றார். அவர் தொண்டையில் ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும். அவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். படி ஏறினேன் சாமி.

 புதுசாக வேலைக்கு வந்தவன் மாதிரி காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். முதல் வார்த்தையைத் தொடங்கினால் அது நீண்டுகொண்டே போகிறது. வழக்கமாக மூச்சு வாங்கும் இடத்தில் வாங்கத் தேவையே இல்லை. முடிக்க வேண்டிய இடத்திலும் மூச்சு மிச்சம் இருந்தது. உங்களுக்குப் பாதி அடி மிச்சம் இருந்தது என்று எழுதினீர்களே, அதைப் படித்தபோது உண்மையைச் சொன்னால் பொறாமைப்பட்டேன். இப்போது இல்லை. ஏகாதசிக்குக் கெடுத்துக்கொண்ட சந்தோஷத்தை இனியாவது பட்டுக்கொள்ளுங்கள். என் மூச்சு என்னிடம்தான் இருக்கிறது. முன்வரிசைக்கும் போங்கள்.

கீழே இறங்கினேன். தொழுகைக்கு வரிசை கட்டினோம். நோன்பு நேரத்து நடுப்பகல், எல்லாருக்கும் அசதி. இனி லுஹர் உங்களுடையது, மற்ற நாலும் என்னுடையது என்று மீரான் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால் ரஷீதா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷம் என் பாங்கைக் கேட்டுத்தான் அவள் உலை வைத்ததும் இறக்கியதும். என்னைப் பார்த்ததும் கேட்டாள்:

"ஏங்க, இன்னைக்குப் பாங்கு சொன்னது யாரு? புதுசா ஒருத்தர வச்சிருக்காங்களா? கேக்கக் கேக்க எனக்கு அழுகையா வந்துச்சு."

உங்கள்,
நிஜாமுதீன்